பந்தி விசாரணை

கலியாண வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பேரை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒருவர் வாசற்படி ஓரமாக நின்று, எத்தனை இலை விழுந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பார். சமையல்காரரிடம் இலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்திருப்பதால் அவருக்கு எண்ணிக்கை முக்கியம். இன்னொருவர் அந்த வீட்டு அத்தையாகவோ பெரியம்மாவாகவோ இருப்பார். இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்தபடி, "ரசம் வந்ததா?", "குழந்தை இலையில் ஏன் ஒன்றையுமே காணோம்?", "மாமா, பாயசத்தைத் தொடவே இல்லையே, சர்க்கரையா?" என்று ஒவ்வோர் இலையாக விசாரித்துக்கொண்டு போவார். எந்தப் பதார்த்தம் எல்லா இலையிலும் மிச்சமாகிறது, எது கடைசி இலைக்கு எட்டாமலே போயிற்று என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இதற்குப் பந்தி விசாரணை என்று பெயர்.

இருவரும் வேண்டியவர்கள்தாம். ஆனால் விருந்து நன்றாக நடந்ததா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் நான் அத்தையைத்தான் தேடிப் போவேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்தப் பந்தி விசாரணையே இப்போது பல்கலைக்கழகங்களில் ஒரு பாடமாகிவிட்டது. தர்ம ஸ்தாபனங்களையும் தொண்டு நிறுவனங்களையும் எப்படி நடத்துவது, அவை போடும் திட்டங்களால் யாருக்கு என்ன விளைந்தது என்று எப்படி மதிப்பிடுவது என்பதை ஆராய்வதற்கென்றே பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பெரிய பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். "ஐயையோ, ஆராய்ச்சியா!" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள். உங்கள் வீட்டுப் பணம் சம்பந்தப்பட்ட விஷயம் இது. வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்கிறவர்களுக்கும், புயல் வெள்ளம் என்றால் ஓடி ஓடிச் சேர்க்கிறவர்களுக்கும் நீங்கள் கொடுக்கிறீர்கள் அல்லவா? அது என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் பேச்சு.

நம்மவர்களிடம் இது பற்றி இரண்டு பழமொழிகள் உண்டு. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது ஒன்று. "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது மற்றொன்று. ஒன்று அளக்கச் சொல்கிறது; ஒன்று பார்க்காதே என்கிறது. முரண்பாடு போலத் தோன்றினாலும் முரண்பாடு இல்லை. முதலாவது கொடுக்கிறவனுக்குச் சொன்னது, இரண்டாவது வாங்கிக்கொள்கிறவனுக்கு. தானம் வாங்குகிறவன் மாட்டின் பல்லைப் பார்க்க முடியாது. வாயைத் திறந்து குறை சொல்லவும் முடியாது. ஆகையால், கிழட்டு மாடா, கறக்கிற மாடா என்று பார்த்துக் கொடுக்கிற பொறுப்பு முழுவதும் கொடுக்கிறவன் தலையில் விழுகிறது.

இதையே ஹென்றி ஹான்ஸ்மன் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1980-ல் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதினார். கடையில் புளி வாங்குகிறோம். கொட்டையும் நாருமாக இருந்தால் மறுநாளே கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுகிறோம். காசு கொடுத்ததும் நாம், குழம்பு வைத்ததும் நாம். தூர தேசத்தில் பட்டினி கிடப்பவருக்காக ஒரு ஸ்தாபனத்திடம் பணம் கட்டினால் அப்படியா? காசு கொடுப்பவர் ஒருவர், சாப்பிடுகிறவர் வேறொருவர். கொடுத்தவருக்குச் சோறு வெந்ததா என்று தெரியாது. சாப்பிட்டவருக்குக் கேட்க வாய் கிடையாது. நடுவில் இருக்கிற ஸ்தாபனத்தை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. அதனால்தான் லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாத ஸ்தாபனங்கள் இந்தக் காரியத்துக்கு ஏற்பட்டன என்பது அவருடைய வாதம்.

நியாயமான வாதம். ஆனால் பணத்தைத் தின்னாமல் இருப்பது மட்டும் போதுமா? யோக்கியமானவர்கள் நடத்துகிற விருந்திலும் கடைசி இலைக்குப் பாயசம் எட்டாமல் போவது உண்டே!

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்தக் கவலை இன்று நேற்று வந்ததல்ல. பெரிய கோயிலுக்குப் போனால் நந்தியைப் பார்த்துவிட்டு, விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். சுவர்களில் பொடிப்பொடியாக வெட்டியிருக்கும் எழுத்துக்களையும் ஒரு நிமிஷம் பாருங்கள். ராஜராஜன் கொடுத்தது, அவன் தமக்கை குந்தவை கொடுத்தது, அரசிகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாம் அங்கே இருக்கின்றன. "நிறையப் பொன் கொடுத்தார்" என்று பொதுவாகப் போடவில்லை. ஆடவல்லான் என்னும் கல்லால் எடை போட்டு இவ்வளவு பொன், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து இவ்வளவு நெல் என்று துல்லியமாக எழுதியிருக்கிறார்கள்.

அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது வேறொரு கல்வெட்டு. சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சைக்கு வரவழைத்து, ஆடல் பாடலுக்காகக் குடியமர்த்தினான் ராஜராஜன். அந்த 400 பேரும் ஒவ்வொருவராகக் கல்லில் இருக்கிறார்கள். இன்ன கோயிலிலிருந்து வந்த இன்ன பெயருடையவள், இன்ன தெருவில், இன்ன வரிசையில், இத்தனையாவது வீடு என்று விலாசத்தோடு எழுதி, ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று விதித்திருக்கிறது. அவள் இறந்துபோனால் அந்தப் பங்கு யாருக்கு, அந்த உறவினருக்குத் தகுதி இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது கூட உண்டு.

கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டுவது உலகமெங்கும் உள்ள வழக்கம். மின்விசிறி இறக்கையிலும் டியூப் லைட்டிலும் கூட உபயதாரர் பெயரை எழுதுகிறவர்கள் நாம்! பெற்றுக்கொள்ள வேண்டிய பெண்ணின் பெயரையும் வீட்டையும் அவள் பங்கையும் கல்லில் வெட்டி வைப்பது அபூர்வம். நாளைக்கு ஒரு மணியக்காரர், "உனக்குப் பங்கு கிடையாது போ" என்று சொன்னால், "சுவரில் இருக்கிறதே" என்று அவள் கை நீட்டிக் காட்டலாம். அந்தப் பெண்கள் மகிழ்ச்சியாக இருந்தார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் பட்டியல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1960-ல் மத்திய சர்க்கார், அமெரிக்காவின் போர்டு பவுண்டேஷன் என்ற தர்ம ஸ்தாபனத்தின் உதவியோடு ஒரு தீவிர வேளாண்மைத் திட்டத்தை ஆரம்பித்தது. விதை, உரம், கடன், யோசனை எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விவசாயியின் கையில் கொடுப்பதால் அதற்குப் 'பாக்கேஜ் திட்டம்' என்று பெயர் வந்தது. முதலில் பொறுக்கி எடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. அப்போது நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை எல்லாம் சேர்ந்ததுதான் தஞ்சாவூர் ஜில்லா. சில வருஷங்களில் 'ஆடுதுறை 27' என்ற குறுவை நெல்லும் வந்து சேர்ந்தது. இந்தத் திட்டத்தை மதிப்பிடுவதற்கென்றே நிபுணர் குழு போட்டார்கள். ஏக்கருக்கு எவ்வளவு உரம், எவ்வளவு விளைச்சல், எத்தனை பேருக்குக் கடன் என்று அளந்தார்கள்.

அப்போது பிரான்சின் பிராங்கெல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வந்தார். ஐந்து மாவட்டங்களில் விசாரித்தார். தஞ்சாவூரும் அதில் உண்டு. 1971-ல் வெளியான அவருடைய புத்தகம் கேட்டது வேறு கேள்வி. நெல் கூடியது சரி; யார் வீட்டுப் பத்தாயத்தில் கூடியது? சொந்த நிலமும் கையில் முதலும் உள்ளவர்களுக்கு லாபம் அதிகம். துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களும் கூலிக்காரர்களும் அவர்களோடு ஒப்பிட்டால் பின்தங்கினார்கள். ஊருக்குள் கசப்பு வளர்ந்தது என்று அவர் கண்டார்.

அந்தக் கசப்பு எங்கே போய் முடிந்தது என்பதைத் தஞ்சை ஜில்லா மறக்க முடியாது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதில் ஆரம்பித்த தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் தீயில் மாண்டார்கள். தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். விதை நெல்லோ உரமோ இதற்குக் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். அந்த அநீதி அதைவிடப் பல தலைமுறை பழையது. ஆனால் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்கிற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, "ஜில்லா முன்னேறுகிறது" என்று எழுதியவருக்கு அறுவடைக் களத்தின் ஓரத்தில் நின்றவர்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். இலையை எண்ணினால் போதாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜகந்நாதனும் இங்கே வந்து தங்கினார்கள். சர்வோதய இயக்கத்தில் ஊறிய தம்பதி. 1981-ல் 'லாஃப்டி' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தாரரிடம் பேசி விலை முடித்து, கடன் வசதி தேடி, நிலமில்லாத குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கராக வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. பத்திரம் எழுதுவது வீட்டுப் பெண்ணின் பெயரில். இப்படிச் சுமார் 13,000 ஏக்கர் கைமாறியது. 2008-ல் 'ரைட் லைவ்லிஹுட்' பரிசும், கிருஷ்ணம்மாளுக்கு 2020-ல் பத்மபூஷணும் கிடைத்தன.

பெண் பெயரில் எழுதியது வெறும் மரியாதைக்கு என்று நினைக்காதீர்கள். அவசரத்துக்கு அடகு வைப்பது, கள்ளுக்கடையில் கரைப்பது இவையெல்லாம் யார் கையில் பத்திரம் இருந்தால் நடக்கும், யார் கையில் இருந்தால் நடக்காது என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்த நிலம் பத்து வருஷம் கழித்தும் அந்தக் குடும்பத்திடமே இருக்குமா என்ற கேள்வியைக் கொடுக்கும்போதே கேட்டுவிட்டார்கள். நல்ல நிர்வாகம் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன ஏற்பாடுகளில்தான் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு தையல் இயந்திரத்தின் ஞாபகம் வந்தது. பத்திரிகை வேலையாக மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு ஸ்தாபனத்தார் அங்கே மேடை போட்டு, மாலை போட்டு, ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கியிருந்தார்கள். போட்டோக்களில் எல்லோரும் அழகாகச் சிரித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து நான் பார்த்தபோது, ஒரு வீட்டில் அந்த இயந்திரத்தின் மேல் துணி விரித்துத் தொலைக்காட்சிப் பெட்டியை வைத்திருந்தார்கள். அடுத்த தெருவில் இன்னொரு பெண்ணின் இயந்திரம் ராத்திரி பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் ஒரே நாளில் வாங்கியவர்கள். ஒரே வகுப்பில் தையல் கற்றவர்கள்.

என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஓடுகிற இயந்திரத்துக்காரிக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் ஆர்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. மற்றவளுக்கு ரவிக்கை தைக்கத் தெரியும். தைத்துக்கொள்ள ஆள் இல்லை. "ஊர்ல இருக்கறதே அறுவது வூடு. அதுல ஏழு பேர் கையில மெஷினைக் கொடுத்தா யாருக்குக்கா தைக்கிறது?" என்றாள். அவள் சோம்பேறியும் அல்ல, கொடுத்தவர்கள் மோசடிக்காரர்களும் அல்ல. இயந்திரம் வந்தது, வேலை வரவில்லை. ஒரே ஒரு தடவை யாராவது வந்து, "மெஷின் ஓடுகிறதா?" என்று விசாரித்திருந்தால் இது தெரிந்திருக்கும். ஸ்தாபனத்தின் ஆண்டறிக்கையில் இரண்டு பெண்களுமே பயனாளிகள்தாம்.

நெல் பாஷையில் சொன்னால், நாற்று விட்டது ஒரு கணக்கு, நட்டது ஒரு கணக்கு, கதிர் வந்தது ஒரு கணக்கு, களத்துக்கு வந்தது ஒரு கணக்கு, தூற்றிப் பதர் போக வீடு வந்து சேர்ந்தது ஒரு கணக்கு. நட்டதோடு கணக்கை மூடிவிட்டு எந்த மிராசுதாராவது, "இந்த வருஷம் அமோக விளைச்சல்" என்பாரா? தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகள் பலவும் நட்டதோடு நின்றுவிடுகின்றன. இத்தனை முகாம், இத்தனை கூட்டம், இத்தனை பேருக்கு வழங்கினோம். பிறகு? பிறகு கதையைக் காணோம்.

2004 டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியில் தமிழ்நாட்டில் உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், நாகை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். நான் அப்போது தஞ்சாவூரில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டு விடுமுறை. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு துணி சேர்த்தார்கள். பாட்டி பெட்டியைத் திறந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டாள். ரவிக்கைகளில் கொக்கி இருக்கிறதா என்று பார்த்தாள். பாவாடை ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, நாடா இல்லாதவற்றுக்கு நாடா கோத்தாள். வண்டி கிளம்பப் போகிறது என்று வாசலிலிருந்து சத்தம் போட்டார்கள். "இருங்கடா, நாடா இல்லாத பாவாடையை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் என்ன பண்ணுவாள்?" என்றாள் பாட்டி.

அந்த வாரங்களில் நாகப்பட்டினத்துச் சாலை ஓரங்களில் பழந்துணி மலை மலையாகக் குவிந்து கிடந்ததை அன்றைய பத்திரிகைகள் எழுதின. லாரி லாரியாக வந்தவற்றை எடுத்துக்கொள்ள ஆளில்லை. சேறும் மழையும் பட்டு, மாடுகள் மிதித்து, கடைசியில் அது குப்பை அள்ளுகிற வேலையாக முடிந்தது. நேற்றுவரை சொந்தச் சம்பாத்தியத்தில் புடைவை எடுத்துக் கட்டியவர்கள், யாரோ கழற்றிப் போட்ட கால்சட்டையையும் கம்பளிச் சட்டையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? துணி அனுப்பியவர்களின் இரக்கம் பொய் இல்லை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற ஒரு வார்த்தை மட்டும் துணியோடு போகவில்லை.

அந்த வார்த்தையைக் கேட்கவும் சிலர் முன்வந்தார்கள். நூற்றுக்கணக்கான ஸ்தாபனங்கள் ஒரே சமயத்தில் ஓர் ஊருக்குள் வந்து இறங்கினால் என்ன ஆகும்? ஒரு குப்பத்துக்கு மூன்று தடவை அரிசி போகும், பக்கத்துக் குப்பத்துக்கு ஒன்றுமே போகாது. இதைச் சரிக்கட்டுவதற்காக நாகையைச் சேர்ந்த 'ஸ்நேகா' நிறுவனமும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து, 2005 ஜனவரியில் மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் ஏற்படுத்தின. எந்த ஊரில் என்ன குறைவு, யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்துப் பொருத்தி விடுவது அதன் வேலை. கேட்பதற்கு மிகச் சாதாரணம். பந்தி நடுவே நடக்கிற அத்தையின் வேலைதான் அது.

உலக அளவிலும் ஒரு விசாரணை நடந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்தாபனங்கள் சேர்ந்து, பல நாடுகளில் சுனாமி நிவாரணம் எப்படி நடந்தது என்று தங்களைத் தாங்களே விசாரித்து, 2006-ல் அறிக்கை வெளியிட்டன. அதில் ஒரு கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உலகம் கொடுத்தது தலைக்கு 7,100 டாலர் வீதம் வந்தது. அதே 2004-ல் வங்காள தேசத்து வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செலவானது தலைக்கு 3 டாலர்! தொலைக்காட்சியில் பார்த்த கண்ணீருக்கு ஒரு விலை, பார்க்காத கண்ணீருக்கு ஒரு விலை. கடலில் தத்தளித்தவர்களை முதலில் காப்பாற்றியது விமானத்தில் வந்தவர்கள் அல்ல, அக்கம்பக்கத்தார்தாம் என்பதையும் அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது.

பிறகு டேனியல் ஆல்டிரிச் என்ற அமெரிக்க அரசியல் ஆராய்ச்சியாளர், டோக்கியோ, கோபே, நியூ ஆர்லியன்ஸ் நகரங்களோடு நம் கடற்கரைக் கிராமங்களையும் சேர்த்து ஆராய்ந்து 2012-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பேரழிவுக்குப் பின் ஓர் ஊரை நிமிர்த்துவது பணத்தைவிட ஊர் ஒற்றுமைதான் என்பது அவர் கட்சி. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த இடங்களில் பட்டியல் சீக்கிரம் தயாராயிற்று. உதவி கூடுதலாக வந்தது. பங்கீட்டில் சண்டை இல்லை. இதுவரை நல்ல செய்தி. ஆனால் அதே பஞ்சாயத்துப் பட்டியலில் இடம் பெறாதவர்களும் இருந்தார்கள். தலித்துகள், முஸ்லிம்கள், வயதானவர்கள், ஆண் துணை இல்லாத விதவைகள். ஊருக்குள் எவ்வளவு கட்டுப்பாடோ அவ்வளவுக்கு வெளியாருக்குக் கதவு சாத்தியிருந்தது என்று அவர் எழுதுகிறார்.

சென்ற ஆண்டு நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் இடைப்பட்ட சாலைக்கு மேற்கே, ஒரு குடியிருப்பில் வயதான அம்மாள் ஒருவரைச் சந்தித்தேன். நடவு, களை, அறுப்பு என்று வயல் வேலையிலேயே உடம்பு தேய்ந்தவர். சுனாமி சமயத்தில் உங்களுக்கு என்ன கிடைத்தது பெரியம்மா என்று கேட்டேன். சிரித்தார்.

"வந்தவங்கள்லாம், 'ஒங்க வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா'ன்னு கேட்டாங்க பாப்பா. வரலன்னேன். எழுதிக்காமப் போயிட்டாங்க. வூட்டுக்குள்ள வரல, நெசந்தான். எங்க பொழப்புக்குள்ள வந்துடுச்சே, அத எந்த நோட்டுல எழுதுறது?"

கடல் நீர் புகுந்து வயலெல்லாம் உப்பரித்துவிட்டது. நடவு இல்லை, ஆகவே கூலி இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு நஷ்டஈட்டுப் பட்டியல் உண்டு. படகு இழந்தவருக்குப் படகுப் பட்டியல் உண்டு. படகுகள் முன்பு இருந்ததைவிட அதிகமாகிவிட்டன என்று கூடப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அடுத்தவர் வயலில் நாற்று நடுகிறவளுக்கு எந்தப் பட்டியல்? 'பாதிக்கப்பட்டவர்' என்பதற்கு வீட்டுக்குள் தண்ணீர் என்று இலக்கணம் வகுத்த அன்றைக்கே அந்த அம்மாள் பந்தியிலிருந்து எழுப்பப்பட்டுவிட்டார்.

அவர் பிழைப்பு எப்படித் திரும்பிற்று? வயல் திரும்பியதால். இயற்கை விவசாயத்துக்காக வாழ்ந்த நம்மாழ்வார், திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து இளங்காட்டில் பிறந்த தஞ்சைக்காரர், அந்தச் சமயத்தில் நாகைப் பக்கத்து விவசாயிகளோடு சேர்ந்து தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது உப்பை முறிக்கும் வேலையில் இறங்கினார். உப்பு முறிந்ததா என்று எப்படித் தெரியும்? மறுபடி நாற்று நட்டால் தெரியும். நாற்று பிடித்தால் கூலி வரும். அந்த அம்மாளுக்கு வேண்டியிருந்த நிவாரணம் அதுதான். துணி மூட்டை அல்ல.

இப்படிச் சொன்னதும் மதிப்பீடு என்றாலே குறை கண்டுபிடிப்பது என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த ஒரு பரீட்சையைக் கேளுங்கள். அங்கன்வாடித் தாய்மார்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்குச் சோறு, எடை, தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கு யோசனை, நடுவில் இருபது ரிஜிஸ்தர். பாடம் சொல்லிக் கொடுக்க நேரம் ஏது? கானிமியன், கார்த்திக் முரளிதரன், வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 320 அங்கன்வாடிகளை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பாதியைத் தேர்ந்து, அவற்றுக்கு மட்டும் பாடம் சொல்ல ஓர் ஆளைக் கூடுதலாகக் கொடுக்கும்படி செய்தார்கள்.

ஏன் பாதிக்கு மட்டும்? நம் விவசாயிக்கு இது புரியும். புது உரத்தைச் சோதிக்க வேண்டுமானால் வரப்புக்கு இந்தப் பக்கம் போட்டு, அந்தப் பக்கம் போடாமல் விட்டுப் பார்ப்பார். இரண்டு பக்கமும் போட்டுவிட்டால், விளைந்தது உரத்தாலா, மழையாலா என்று தெரியாது. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோது, கூடுதல் ஆள் வந்த அங்கன்வாடிக் குழந்தைகள் கணக்கிலும் மொழியிலும் முந்தியிருந்தார்கள். அதுமட்டுமல்ல, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும் அங்கே குறைந்திருந்தார்கள். பாடம் சொல்ல ஒருத்தி வந்ததால், பழைய ஊழியைக்குச் சத்துணவைக் கவனிக்க நேரம் கிடைத்தது. சம்பளம் ஒன்று, பலன் இரண்டு! அளந்து பார்த்திராவிட்டால் இந்த இரண்டாவது பலனை யாரும் ஊகித்திருக்கவே மாட்டார்கள்.

அளப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை மறைக்கக் கூடாது. தினம் மூன்று வேளை எடை போட்டால் குழந்தை கொழுத்துவிடாது. சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்கள் கொடையாளிகளுக்குப் பாரம் பூர்த்தி செய்வதிலேயே பாதிப் பொழுதைப் போக்குகின்றன. எண்ணிக்கை காட்டினால்தான் பணம் என்று வந்துவிட்டால், எண்ணிக்கை வருகிற வேலையையே செய்வார்கள். நூறு பேரைக் கூட்டி ஒரு நாள் முகாம் நடத்தலாம். ஒரு குடிகாரர் வீட்டுக்கு நூறு நாள் நடக்க ஆள் வராது. ஆகவே அத்தை கேட்பதுபோல் கேட்க வேண்டும். அத்தை விசாரிக்கிறாள் என்பதற்காகச் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அறிக்கை எழுத உட்காருவதில்லை.

கேட்பதற்கு நம்மில் பலருக்குக் கூச்சம். தர்மத்துக்குக் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பதா, சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்களே என்கிறோம். பாவாடைக்கு நாடா இருக்கிறதா என்று பார்த்தது யார் மேல் சந்தேகப்பட்டு? வாங்கிக்கொள்கிறவளுக்குக் கேட்க வாய் இல்லை. அவளுக்காகக் கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆகையால், அடுத்த தடவை வாசலில் ரசீதுப் புத்தகம் வந்தால், மெதுவாக, சிரித்த முகத்தோடு கேளுங்கள். பட்டியலை யார் எழுதினார்கள்? அதில் விட்டுப்போனவர்கள் இருக்கிறார்களா என்று யாராவது தேடினார்களா? கொடுத்து ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா? கடைசியாக ஒன்று: உங்கள் வேலையில் எது சரியாக வரவில்லை?

"எல்லாம் பிரமாதம், ஒரு குறையும் இல்லை" என்று பதில் வந்தால், நீங்கள் நினைத்ததில் பாதியைக் கொடுத்து அனுப்புங்கள். "ஏழு மெஷின் கொடுத்தோம் அம்மா, மூன்று ஓடவில்லை. ஏனென்றால்..." என்று ஒருவர் ஆரம்பித்தால், அவருக்கு நல்ல காப்பியாக ஒரு டம்ளர் கொடுத்து உள்ளே உட்கார வையுங்கள். ரசீதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.